டெட்டால் வேண்டாம், சோப்பும் தண்ணீரும் போதும்

யீஷூனிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “அப்பாவுக்கு 76 வயது. புரோஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் அடைத்துக்கொண்டதால், மருத்துவமனையில் குழாய் போட்டு அனுப்பினார்கள். பணிப்பெண் தினமும் மூன்று வேளை டெட்டால் தண்ணீரால் துடைத்துவிடுகிறார். அப்படியும் சிறுநீர் கலங்கலாகப் போகிறது. ஆன்டிபயாட்டிக் கேட்கட்டுமா அக்கா?”

முதலில் டெட்டாலை நிறுத்துங்கள். அந்த இடத்துத் தோலை அது புண்ணாக்கும். குழாய் உள்ளே இருக்கும்போது கிருமிநாசினி போட்டுத் துடைக்க வேண்டியதில்லை என்றே தொற்றுத் தடுப்பு வழிகாட்டிகள் சொல்கின்றன. குளிக்கும்போது சோப்பும் தண்ணீரும் போதும். மலம் கழித்த பிறகும் ஒருமுறை கழுவலாம். குழாய் வெளியே வரும் இடத்தில் அதை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, உடம்பிலிருந்து வெளிப்பக்கமாகவே துடைக்க வேண்டும். முன்தோலைப் பின்னுக்குத் தள்ளிக் கழுவினால், மறக்காமல் பழையபடி முன்னால் கொண்டுவந்துவிடுங்கள். அப்படியே விட்டால் இறுகி வீங்கிவிடும். இதைப் பணிப்பெண்ணிடம் வாயால் சொன்னால் போதாது. ஒருமுறை பக்கத்தில் நின்று பாருங்கள்.

நான் அதிகம் கவலைப்படுவது குழாயும் சிறுநீர் வடிந்து சேரும் பையும் பொருந்தும் இணைப்பைப் பற்றித்தான். அதைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் கிருமிக்குக் கதவு திறக்கிறது. இரவில் பெரிய பை மாட்டுவதற்காக, பகலில் காலில் கட்டியிருக்கும் சிறிய கால் பையைக் கழற்றாதீர்கள். கால் பையின் அடியில் இருக்கும் திருகில் பெரிய பையின் குழாயைச் செருகித் திறந்துவிட்டால் போதும். தொடுவதற்கு முன்னும் பின்னும் கை கழுவ வேண்டும்.

இன்னொன்று, டாக்சியில் ஏறும்போது பலர் பையைத் தூக்கி நோயாளியின் மடியில் வைத்துவிடுகிறார்கள். பையில் இருந்த சிறுநீர் திரும்ப உள்ளே போகும். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே, ஆனால் தரையில் படாமல் இருக்கட்டும். சக்கர நாற்காலி என்றால் இருக்கைக்கு அடியில் மாட்டுங்கள். மூன்றில் இரண்டு பங்கு நிறைவதற்குள் காலி செய்யுங்கள்.

சரி, கலங்கலுக்கு வருவோம். குழாய் இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 விழுக்காடு கூடுகிறது. ஒரு மாதத்தில் ஏறக்குறைய எல்லாருக்குமே சேர்ந்துவிடும். அதனால் கலங்கலோ வாடையோ மட்டும் இருந்தால் ஆன்டிபயாட்டிக் தேவையில்லை. கொடுத்தால் மருந்துக்கு அடங்காத கிருமிதான் மிஞ்சும். தண்ணீர் நிறையக் குடிக்கட்டும். இதயம், சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவர் சொன்ன அளவு மட்டும். காய்ச்சல், குளிர் நடுக்கம், அடிவயிற்றிலோ விலாவிலோ வலி, திடீர்க் குழப்பப் பேச்சு, ரத்தம் கலந்து போவது, இவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். சிறுநீர் வராமல் நின்றால் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மலச்சிக்கலும் காரணமாகலாம். அப்போதும் வராமல் வயிறு உப்பினால் காத்திருக்க வேண்டாம். குழாயை மட்டும் நீங்களாக இழுத்துவிடாதீர்கள். உள்ளே தண்ணீர் நிரப்பிய பலூன் இருக்கிறது.

அப்புறம், அடுத்த அப்பாயின்ட்மென்ட்டில் ஆன்டிபயாட்டிக் கேட்பதற்குப் பதிலாக, “குழாயை எடுத்துவிட்டு, தானாகச் சிறுநீர் போகிறதா என்று பார்க்க எப்போது வரலாம்?” என்று கேட்டு, தேதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.