கணினியில் 12 வோல்ட், மேசையில் 10

கேள்வி: கொளத்தூரில் இருக்கிறேன், இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. ரிச்சி தெருவில் 15 வோல்ட், 3 ஆம்பியர் என்று எழுதிய டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினேன். ஏசியை டிசியாக்கும் நான்கு டயோடு பிரிட்ஜ், 4700 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், வோல்டேஜை நிலையாக வைக்கும் எல்எம்317 ஐசி வைத்து பவர் சப்ளை செய்தேன். எல்டிஸ்பைஸ் என்ற சர்க்யூட் சிமுலேஷன் மென்பொருளில் 1.5 ஆம்பியர் இழுத்தாலும் 12 வோல்ட் ஆடாமல் நிற்கிறது. நிஜத்தில் 10-க்கு இறங்கி, ஹம் என்ற உறுமல் வருகிறது. 5 வோல்ட்டில் வைத்தால் சில நிமிடத்தில் நின்றுவிட்டு, ஆறியதும் மீண்டும் வருகிறது. சிமுலேஷனை நம்பலாமா?

பதில்: நம்பலாம் தம்பி. நீங்கள் கொடுத்த டிரான்ஸ்ஃபார்மருக்கு அது சரியாகத்தான் விடை சொன்னது. ஆனால் அப்படி ஒரு டிரான்ஸ்ஃபார்மர் எந்தக் கடையிலும் கிடைக்காது. வோல்டேஜ் சோர்ஸ் ஒன்றை வைத்து, உச்ச அளவு 21.2 (15-இன் 1.414 மடங்கு), 50 ஹெர்ட்ஸ் என்று எழுதியிருப்பீர்கள். அந்த சோர்ஸுக்கு உள்தடை பூஜ்யம். நிஜ டிரான்ஸ்ஃபார்மருக்குள் மெல்லிய கம்பி பல மீட்டர் சுற்றியிருக்கிறது. கெபாசிட்டர் நிரம்புவது ஒவ்வொரு 10 மில்லிசெகண்டிலும் மூன்று, நான்கு மில்லிசெகண்ட்தான். 1.5 ஆம்பியர் சராசரி கிடைக்க, அந்தச் சிறு நேரத்துக்குள் 5 ஆம்பியர் வரை பாய்ந்தாக வேண்டும். உங்கள் வோல்டேஜ் தொலைவது அப்போது அந்தக் கம்பியின் தடையில்தான்.

இந்தத் தடையை அளக்க இரண்டு 12 வோல்ட், 21 வாட் பைக் இண்டிகேட்டர் பல்புகள் போதும். அவற்றை வரிசையாக இணைத்து, 15 வோல்ட் வரும் செகண்டரி பக்கத்தில் மாட்டுங்கள். பிரைமரி பக்கம் 230 வோல்ட், அங்கே கை போகக் கூடாது. பல்பு இல்லாமல் 16.5 வோல்ட், பல்போடு 14.7, கரண்ட் 1.3 ஆம்பியர் என்று வருவதாக வைத்துக்கொள்வோம். குறைந்த 1.8-ஐ 1.3-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1.4 ஓம். சோர்ஸின் சீரிஸ் ரெசிஸ்டன்ஸில் அதை எழுதி, உச்ச அளவை 23.3 (16.5-இன் 1.414 மடங்கு) ஆக்கி ஓட்டுங்கள். மேசையில் பார்த்த அதே ஹம் திரையில் வரும்.

ஒன்றை மட்டும் கவனமாகப் பாருங்கள். உங்களுடையது 15-0-15 வகை, அதாவது மூன்று ஒயர் வரும் வகையாக இருந்தால், நடு ஒயருக்கும் ஒரு முனைக்கும் இடையில் அளக்க வேண்டும். இரண்டு டயோடு மட்டும் போட்டிருந்தால் ஒரு நேரத்தில் பாதிச் சுற்றுதான் வேலை செய்யும். அதனால் அந்தப் பாதியின் தடைதான் கணக்கு, டயோடு இழப்பும் பிரிட்ஜில் போல 2 வோல்ட் அல்ல, 1 வோல்ட். இரண்டு முனைகளையும் பிரிட்ஜில் மாட்டினால் 30 வோல்ட், கெபாசிட்டரில் 40-ஐத் தாண்டும். எல்எம்317-இன் உள்ளுக்கும் வெளிக்கும் இடையே 40 வோல்ட்டுக்கு மேல் ஆகாது. நடு ஒயரைத் தொங்கவிட்டு, முனை இரண்டையும் மாட்டிச் செத்த ஐசிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி அந்த '3 ஆம்பியர்'. நேர்மையாகச் சுற்றிய 15 வோல்ட், 3 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் ஒரு கிலோவை ஒட்டிக் கனக்கும். கையில் எடுத்துப் பார்த்தீர்களா? சில கடைகளில் 1.5 ஆம்பியர் சரக்கில் 3 என்று ஸ்டிக்கர் ஒட்டித் தருகிறார்கள். அலுமினியக் கம்பியும் உண்டு. முனையை பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். உண்மையான 3 ஆம்பியர் என்றாலும் அது ஏசி கணக்கு. பிரிட்ஜும் கெபாசிட்டரும் வந்தபின் நிம்மதியாக எடுக்கக்கூடிய டிசி 1.7 ஆம்பியர் அளவுதான். கவுன்ட்டரில் நிற்பவர் இதைச் சொல்ல மாட்டார். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டை ரெடிமேடாக விற்பவர்கள் இன்னும் மோசம். சிமுலேஷன் ஃபைலும் கிட்டும் சேர்த்துத் தருவார்கள், இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது. கல்லூரியிலாவது கேட்கிறார்களா? ரெக்கார்டு நோட்டில் அலைவடிவப் படம் ஒட்டியிருந்தால் கையெழுத்து. ஒரு டிரான்ஸ்ஃபார்மரின் தடையை மாணவனை அளக்கவைக்க ஒரு லேப் வகுப்பு ஒதுக்க முடியாதா? எத்தனை வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்!

5 வோல்ட்டில் நின்றுபோவது சூட்டினால். உள்ளே 13 அல்லது 14 வோல்ட், வெளியே 5. மீதியை 1.5-ஆல் பெருக்கினால் சுமார் 13 வாட். உங்கள் 25 வாட் சால்டரிங் அயர்னில் பாதி, நகம் அளவு சில்லில். ஐசி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடுகிறது. எல்டிஸ்பைஸ் தானாக எடுத்துக்கொள்ளும் வெப்பநிலை 27 டிகிரி. மே மாதச் சென்னையில், மூடிய பெட்டிக்குள், அது எங்கே கிடைக்கும்? ஓட ஓட ஐசி சூடேறுவதையும் சாதாரண மாடல் கணக்கில் எடுக்காது. ஆனால் ஆல்ட் விசையை அழுத்தியபடி ஐசி மேல் க்ளிக் செய்தால் எத்தனை வாட் என்று காட்டும். ஹீட் சிங்க் வாங்கும் முன் அதைப் பாருங்கள்.

டிரான்ஸ்ஃபார்மரை மாற்றுவதாக இருந்தால், வைண்டிங் செய்பவரிடமே போய் 0-9-15 (9, 15 வோல்ட் இரண்டும் எடுக்கக்கூடியது), 3 ஆம்பியர், செம்புக் கம்பி என்று சொல்லிச் சுற்றி வாங்குங்கள். 5 வோல்ட் வேண்டும்போது ஒரு சுவிட்சால் 9-க்கு மாற்றினால் சூடு பாதிக்கும் கீழே போகும். வாங்கியதும் முதல் வேலை, அதே பல்பு சோதனை.