பள்ளிக்கூடக் கடிதத்தில் வந்த ‘சைக்கோலஜிஸ்ட்’

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலிலிருந்து கனடாவின் ரொறன்ரோவுக்கு வந்து ஒன்றரை ஆண்டான தம்பி ஒருவர், நாலாம் வகுப்பில் படிக்கும் மகனை சைக்கோலஜிஸ்ட் ஒருவர் பரிசோதிக்கச் சம்மதம் கேட்டுப் பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்திருப்பதாகச் சொல்லி, “பிள்ளைக்கு விசர் எண்டோ சொல்லுகினம், கையெழுத்துப் போடலாமோ?” என்று கேட்டிருந்தார். இதே கடிதம் பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டுக்கும் வந்து, ஒரு கிழமை முழுவதும் சாமிப்படத்துக்குப் பின்னால் ஒளிந்து கிடந்ததால், இதற்கு நானே பதில் எழுதுகிறேன்.

தம்பி, மனத்தோடு சம்பந்தப்பட்ட எவரையும் ‘விசர் டொக்டர்’ என்று சொல்லி, மனநோய் ஆஸ்பத்திரி உள்ள அங்கொடைக்கு அனுப்ப வேண்டும் என்று பகிடி விட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். பயம் வருவது இயல்பு. போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய பேராசிரியர் தயா சோமசுந்தரம் உளமருத்துவர், அதாவது மருத்துவம் படித்து, மருந்து எழுதும் உரிமை உள்ளவர். பிரதேச செயலகத்தில் நீங்கள் கண்டிருக்கக்கூடிய உளவளத்துணை உத்தியோகத்தர், இருத்திக் கதைத்து ஆற்றுப்படுத்துபவர். கடிதத்தில் உள்ள சைக்கோலஜிஸ்ட், அதாவது உளவியலாளர், இவர்களிலிருந்து வேறானவர். மனிதர் எப்படிக் கற்கிறார்கள், நினைவில் வைக்கிறார்கள், அஞ்சுகிறார்கள் என்பதைப் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் படித்து, மேற்பார்வையின் கீழ் பயிற்சி பெற்று, இந்த ஒன்ராறியோ மாகாணத்தின் உளவியலாளர் ஒழுங்குமுறைச் சபையில் பதிந்த பிறகே அந்தப் பெயரை அவர் பயன்படுத்தலாம். பேச்சு வழியாகச் சிகிச்சை செய்யும் உளவியலாளர்களும் இருக்கிறார்கள். ஆனால் இங்கே அவர்கள் மருந்து எழுதுவதில்லை. பள்ளிக்கூடத்துக்கு வருபவரின் முக்கிய வேலை, பிள்ளை எதில் தடுக்கி நிற்கிறது என்று அளந்து பார்ப்பது.

என் மகனுக்கு நடந்தது இதுதான். சிவப்பும் வெள்ளையுமான சிறிய கட்டைகளை மேசையில் வைத்து, படத்தில் உள்ள கோலத்தை அப்படியே அடுக்கச் சொன்னார்கள். பிறகு சில எண்களை வாசித்து, அவற்றைப் பின்னிருந்து முன்னாகத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். அவன் எண்களைத் தமிழில் முணுமுணுத்து, விரலில் தொட்டு, அதன் பிறகே ஆங்கிலத்தில் சொன்னானாம். “நினைவில் குறையில்லை, இரண்டு மொழிகளுக்கு இடையில் நடந்து களைக்கிறான்” என்று சோதித்த உளவியலாளர் அம்மையார் பின்னர் எங்களுக்கு விளக்கியபோதுதான், புள்ளி போடுவது மட்டும் அவருடைய தொழில் இல்லை என்று எனக்கு விளங்கியது. வாசிப்பில் உண்மையாகவே ஓர் இடர்ப்பாடு இருந்தது. அதற்குச் சோதனைகளில் மேலதிக நேரம் கொடுத்தார்கள்.

உங்கள் விடயத்தில் நான் கவலைப்படுவது விசரைப் பற்றியல்ல, மொழியைப் பற்றியே. இந்தச் சோதனைகளின் புள்ளிகள் அதே வயதுப் பிள்ளைகளின் புள்ளிகளோடு ஒப்பிடப்படுகின்றன. அந்தப் பிள்ளைகளிற் பெரும்பாலானோர் ஆங்கிலத்திலேயே வளர்ந்தவர்கள். ரொறன்ரோவில் குடியேறிய பிள்ளைகளைப் பற்றி ஆராய்ந்த ஜிம் கமின்ஸ் என்ற கல்வியாளர், விளையாட்டுத்திடல் ஆங்கிலம் இரண்டு ஆண்டுகளில் வந்துவிட்டாலும் பாடப்புத்தக ஆங்கிலத்தில் மற்றப் பிள்ளைகளை எட்டிப்பிடிக்க 5 முதல் 7 ஆண்டுகள் ஆகலாம் என்று 1981 இலேயே எழுதினார். ஆகவே கையெழுத்துப் போடுமுன் அந்த உளவியலாளரோடு ஒருமுறை கதைக்கக் கேளுங்கள். மொழி தேவைப்படும் பகுதிகளை இப்போதே செய்யப் போகிறாரா, தமிழ் மொழிபெயர்ப்பாளர் இருப்பாரா என்று விசாரியுங்கள். அதைக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

பாடசாலைச் சபையினூடாகச் செய்தால் காசு இல்லை, ஆனால் காத்திருப்பு நீளம். வெளியே செய்தால் சில ஆயிரம் டொலர் போகும். ஒன்ராறியோவின் மருத்துவக் காப்புறுதி அதைத் தராது, வேலையிடக் காப்புறுதி ஒரு பகுதியைத் தரலாம். பிள்ளை சொல்வதை உளவியலாளர் ஊர்க்கதையாக்க மாட்டார். எனினும் பிள்ளைக்கு அடி, துன்புறுத்தல் நடக்கிறது என்று சந்தேகித்தால் அறிவிக்க வேண்டிய சட்டக் கடமை அவருக்கு உண்டு. பிரம்பு தொங்கும் வீடாக இருந்தால், கடிதம் வராவிட்டாலும் அதைக் கழற்றிவிடுங்கள்.

அவரைக் காணப் போகும்போது, கொக்குவிலில் உங்கள் மகன் எழுதிய கொப்பிகளையும் தவணை அறிக்கைகளையும் எடுத்துச் செல்லுங்கள். தமிழில் எழுத்துக்கூட்டி வாசிக்கவும் அங்கேயே திணறினானா என்பதுதான் அவர் உங்களிடம் முதலில் கேட்கக்கூடிய கேள்வி.