கேள்வி பதில்: சம்பள இரவும் மொட்டைமாடியும்

கேள்வி: ஐயா, எனக்கு வயது 34. தனியார் நிறுவனமொன்றில் வேலை பார்க்கிறேன். சபையில் பாடகர் குழுவிலும் ஓய்வுநாள் பள்ளியிலும் ஊழியம் செய்கிறேன். நான்கு ஆண்டுகளாகக் கைப்பேசியில் பணம் வைத்து ரம்மி ஆடும் பழக்கத்திற்கு அடிமையாக இருந்தேன். 2025 ஆகஸ்டில் தடைச் சட்டம் வந்து செயலிகள் நின்றபோது, கர்த்தரே கதவை அடைத்தார் என்று சாட்சி சொன்னேன். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்கள் முழுவதும் உபவாசமிருந்தேன். ஆனால் ஈஸ்டர் முடிந்தபின், சம்பளம் வந்த இரவில், மனைவியும் மகளும் உறங்கியதும் மொட்டைமாடிக்குப் போய், நண்பர் அனுப்பிய வெளிநாட்டுத் தளமொன்றில் ‘ஐந்நூறு மட்டும்’ என்று தொடங்கி, விடிவதற்குள் 18,000 ரூபாயை இழந்துவிட்டேன். மனைவிக்கு இது தெரியாது. இந்த ஆசையை என்னைவிட்டு எடுத்துப்போடும்படி நான் ஜெபிக்காத நாளில்லை. நான் உண்மையிலேயே இரட்சிக்கப்பட்டவன்தானா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரரே, உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், போன பணத்தைக் காட்டிலும் உங்களை அதிகமாக அரிப்பது அதுதான். யோர்தானில் ‘இவர் என்னுடைய நேசகுமாரன்’ என்ற பிதாவின் சத்தம் உண்டான கையோடுதான் இயேசு வனாந்தரத்திற்குக் கொண்டுபோகப்பட்டார் என்று மத்தேயு எழுதுகிறார். அங்கே பிசாசு வைத்த மூன்று சோதனைகளில் இரண்டு, ‘நீர் தேவனுடைய குமாரனேயானால்’ என்றே ஆரம்பிக்கின்றன. கல்லை அப்பமாக்குவது ஒரு சாக்குதான். சற்று முன்பு கேட்ட அந்தச் சத்தத்தின்மேல் ஐயத்தை எழுப்புவதே குறி. உங்கள் காதில் விழுகிற கேள்வியும் அதே குரலில்தான் வருகிறது. ‘எல்லாவிதத்திலும் நம்மைப்போல் சோதிக்கப்பட்டும், பாவமில்லாதவர்’ என்று எபிரெயர் நிருபம் இயேசுவைக் குறித்துச் சொல்வதால், ஆசை எழுந்தது என்பதற்காகவே ஒருவனை இரட்சிக்கப்படாதவன் என்று சொல்ல முடியாது. அந்த இரவில் நீங்கள் விழுந்ததும் அதை மனைவிக்கு மறைத்ததும் வேறு விஷயம். அவை அறிக்கையிட வேண்டிய பாவங்கள், அதில் சலுகை சொல்ல எனக்கு உரிமையில்லை.

இயேசு சொன்ன மூன்று பதில்களும் உபாகமத்தின் 6, 8 ஆகிய இரண்டு அதிகாரங்களிலிருந்து வந்தவை. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு உணவாகக் கிடைத்த மன்னாவையும், மாசா என்ற இடத்திலே அவர்கள் கர்த்தரைப் பரீட்சை பார்த்ததையும் நினைவூட்டுகிற அதிகாரங்கள் அவை. நாற்பது ஆண்டுகள் அலைந்த ஜனங்கள் எங்கெங்கே தோற்றார்களோ, அந்த இடத்துக்குரிய வசனத்தையே எடுத்து அவர் ஊன்றி நின்றார். வேதத்தை அறிந்திருப்பது மட்டும் போதுமென்றால் பிசாசும் 91ஆம் சங்கீதத்தை அங்கே ஒப்புவித்தானே. தோற்கிற இடத்தை அறிந்து வசனத்தைக் கையில் எடுப்பதே காரியம்.

நீங்கள் தோற்கிற இடத்தை உங்கள் கடிதமே காட்டிக்கொடுக்கிறது: சம்பள நாள், தனிமை, மொட்டைமாடி, கையில் போன். ராஜாக்கள் யுத்தத்திற்குப் புறப்படும் காலத்தில் எருசலேமில் தங்கிவிட்ட தாவீதும், சாயங்காலத்தில் அரமனை உப்பரிகையின்மேல் சும்மா உலாவிக்கொண்டிருந்தபோதுதான் பத்சேபாளைக் கண்டு இச்சையில் அகப்பட்டான். விழுந்தது உப்பரிகையில் என்றாலும், சறுக்கல் தொடங்கியது போருக்குப் போகாமல் தங்கிய நாளில். உங்களுக்கும் அது அந்த நண்பர் அனுப்பிய இணைப்பை அழிக்காமல் வைத்திருந்த பகலில்தான் தொடங்கியிருக்க வேண்டும். யாக்கோபு 1:14இல் ‘சிக்குண்டு’ என்று நாம் வாசிப்பது, மூலமொழியாகிய கிரேக்கத்தில் இரை வைத்துப் பிடிப்பதற்குரிய சொல். கடலோர மாவட்டத்துக்காரராகிய உங்களுக்கு மீனுக்கு மீன் இரை மாறும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. உங்களுக்கு வைக்கப்படும் இரை சீட்டு அல்ல, விட்டதைப் பிடித்துவிடலாம் என்ற எண்ணமே என்பது என் ஊகம். ஐந்நூறு பதினெட்டாயிரமாக வளர்வதற்கு வேறு வழியில்லை.

ஆசையை எடுத்துப்போடும்படி ஜெபித்தீர்கள். 1 கொரிந்தியர் 10:13 அப்படி வாக்களிக்கவில்லை; சோதனையைத் தாங்கத்தக்கதாக, அதற்குத் தப்பிக்கொள்ளும்படியான ‘போக்கை’ உண்டாக்குவார் என்றே சொல்கிறது. போக்கு என்பது வெளியேறும் வழி. நடந்து வெளியேற வேண்டியவர் நீங்கள். எஜமானாகிய போத்திபாரின் மனைவி தன்னைப் பாவத்துக்கு இழுத்தபோது, யோசேப்பு அந்த வீட்டில் நின்று ஜெபித்ததாக ஆதியாகமம் சொல்லவில்லை, வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடினான் என்கிறது. சட்டம் வெளிக்கதவை அடைத்தது உண்மை. உள்தாழ்ப்பாளை நீங்கள் போடவில்லை. தலையில் கைவைத்து ஒரே இரவில் எல்லாவற்றையும் விரட்டிவிடுவதாகச் சொல்லும் மேடைகளைத் தேடி அலையாதீர்கள் என்றும் உரிமையோடு சொல்கிறேன்.

இந்த வாரத்திலேயே மனைவியிடம் தொகையைக் குறைக்காமல் சொல்லுங்கள். அவர் அழுவார், கோபப்படுவார். அதற்கு அவருக்கு நியாயமுண்டு. சம்பளக் கணக்கை அவர் பொறுப்பில் விட்டுவிட்டு, இரவு ஒன்பது மணிக்குமேல் போன் கூடத்திலேயே இருக்கட்டும். அந்த நண்பரின் எண்ணைத் தடைசெய்யுங்கள். உங்கள் ஆயரிடம் பேசி, சிறிது காலம் ஓய்வுநாள் பள்ளிப் பொறுப்பிலிருந்து விலகியிருக்க வேண்டுமா என்பதை அவர் தீர்மானிக்க விடுங்கள். இது மூளையையும் பிடிக்கிற பழக்கம் என்பதால், 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் மனநல ஆலோசனைச் சேவையைக் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே ஆலோசனை பெறலாம். அதை விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். லெந்தில் காத்துக்கொண்ட நாற்பது நாட்களும் வீணல்ல. அவற்றில் உங்களைத் தாங்கிய ஒழுங்கு ஈஸ்டரோடு முடிந்துபோனதுதான் குறை.

கேள்வி: கர்த்தர் கற்பித்த ஜெபத்தில் ‘எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல்’ என்று ஜெபிக்கிறோமே, அப்படியானால் தேவன்தான் நம்மைச் சோதனைக்குள் தள்ளுகிறாரா?
— வாசகி, பாளையங்கோட்டை

பதில்: இல்லை, அம்மா. ‘ஒருவனையும் அவர் சோதிக்கிறவருமல்ல’ என்று யாக்கோபு 1:13 அதற்கு நேராகவே பதில் சொல்கிறது. குழப்பம் சொல்லில் இருக்கிறது: கிரேக்கத்தில் ‘பெய்ராஸ்மோஸ்’ என்ற ஒரே சொல், விசுவாசத்தைப் பரீட்சிப்பதையும் பாவத்திற்கு இழுப்பதையும் குறிக்கும், நம்முடைய ‘சோதனை’யும் அப்படியே இரண்டையும் சுமக்கிறது. இந்தச் சங்கடம் நமக்கு மட்டுமல்ல. பிரான்சின் கத்தோலிக்கர் 2017 டிசம்பர் முதல் ‘சோதனைக்குள் நாங்கள் பிரவேசிக்க விடாதேயும்’ என்ற பொருளில் அந்த வரியை மாற்றி ஜெபிக்கிறார்கள். கெத்செமனேயில் உறங்கிப்போன சீஷரிடம், ‘நீங்கள் சோதனைக்குட்படாதபடிக்கு விழித்திருந்து ஜெபம்பண்ணுங்கள்’ என்று இயேசு சொன்னதோடு சேர்த்து வாசித்தால், அந்த மாற்றம் பொருத்தமானது என்றே எனக்குத் தோன்றுகிறது.