டன்ஜன்ஸ் அண்ட் ட்ராகன்ஸில் மந்திரவாதி என்.பி.சி.க்களை ஒரு டீ.எம். எப்படித் தயார்செய்வது?

டன்ஜன்ஸ் அண்ட் ட்ராகன்ஸ் மேசையைச் சுற்றி இருந்து பகடை எறிந்து கதையாக விளையாடும் விளையாட்டு; டீ.எம். கதையை நடத்துகிறவர், என்.பி.சி. அவர் ஆட்டுவிக்கும் பாத்திரம். கேட்டவர் சொல்லும் சிக்கல் இது: ஒரு மந்திரவாதியைத் தயார்செய்ய ஒரு பின்னேரம் முழுக்கப் போகிறது, மேசையில் அந்த ஆள் இரண்டு சுற்றில் விழுந்துவிடுகிறார், எழுதிவைத்த மந்திரங்களில் முக்கால்வாசி தொடப்படாமலே கிடக்கின்றன. யாழ்ப்பாணத்தில் எங்கள் பெடியளோடு ஐந்தாம் பதிப்பு விளையாடுகிறோம், டீ.எம். நான்தான். என் பதில்: மந்திரப் பட்டியலை விட்டுவிட்டு சண்டையின் மூன்று சுற்றைத் தயார்செய்யுங்கள் (எல்லோருக்கும் ஒவ்வொரு முறை வந்து போவது ஒரு சுற்று).

ஏன் மூன்று என்றால், 2014இல் வந்த டீ.எம். வழிகாட்டியே ஒரு எதிரியின் தாக்கும் பலத்தை முதல் மூன்று சுற்றை வைத்துத்தான் கணக்கிடச் சொல்கிறது. சண்டைகளும் பெரும்பாலும் அந்த அளவில் முடிவு தெரிந்துவிடும். எதிரிகளின் விபரப் புத்தகமான, அதே வருடத்து மொன்ஸ்டர் மனுவலில் உள்ள 'மேஜ்' என்ற ஆளை எடுங்கள். சலஞ்ச் ரேட்டிங் (எதிரி எவ்வளவு கடினம் என்ற எண்) 6, ஒன்பதாம் லெவல் மந்திரவாதி, கன்ட்ரிப்களையும் (எத்தனை தரமும் போடக்கூடிய சின்ன மந்திரங்கள்) சேர்த்து 16 மந்திரங்கள். ஹிட் பொயின்ற், அதாவது உயிர், வெறும் 40. ஐந்தாம் லெவல் ஆட்கள் நாலுபேர் கிட்ட வந்துவிட்டால் ஒரே சுற்றில் 40 போய்விடும். விளையாடுகிறவரின் விசார்ட் (மந்திரவாதிப் பாத்திரம்) மாதக்கணக்காக உயிரோடு இருப்பார், அவருக்கு நீளப் பட்டியல் வேண்டும். உங்கள் மந்திரவாதிக்கு இருப்பது மூன்று முறை, அதற்குள் அவர் யாரென்று மேசைக்குத் தெரிய வேண்டும்.

நான் சீ.ஆர். கொப்பியில் அரைப் பக்கம் கிழித்து ஒரு ஆளுக்கு ஒன்று என்று வைத்திருப்பேன். 2022இல் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரைக்கும் போன நாட்களில் வந்த பழக்கம். லாப்டொப் இல்லாமல் விளக்கு வெளிச்சத்தில் வாசிக்கக்கூடிய அளவுக்கு மேல் எதையும் எழுத முடியாது, அந்தக் கட்டுப்பாடே நல்லதாகப் போயிற்று.

அந்த அரைப் பக்கத்தில் முதலில் வருவது அந்த ஆளுக்கு என்ன வேண்டும் என்பது, ஒரே வரியில். மந்திரத் தேர்வு அங்கிருந்துதான் பிறக்க வேண்டும். எங்கள் கதை பழைய நல்லூர் இராசதானியை ஒட்டிய ஒரு கற்பனை நாட்டில் நடக்கிறது, அதில் நிலாவரைக் கிணற்றுக்கு ஒரு காவல்காரக் கிழவி இருக்கிறாள். இராமர் அம்பெய்து உண்டாக்கிய கிணறு என்ற ஊர்க் கதையும், மேலே நல்ல தண்ணி, ஆழம் போகப்போக உப்புத் தண்ணி என்பதும் எங்கள் எல்லோருக்கும் தெரியும். கிழவிக்கு வேண்டியது ஒன்றுதான்: அடித் தண்ணியை யாரும் கலக்கக் கூடாது. மேஜின் கணக்குகளை அப்படியே எடுத்து, ஃபயர்போலை வெட்டிவிட்டேன். 20 அடி ஆரத்துக்கு நெருப்பு வெடித்தால் அவள் காக்கும் இடமே எரியும், அவள் அதைச் செய்யமாட்டாள். கன்ட்ரிப்பில் நெருப்பெறியும் ஃபயர் போல்ட்டுக்குப் பதில் குளிர்க்கதிரான ரே ஒஃப் ஃப்ரொஸ்ட். கோன் ஒஃப் கோல்ட் இருக்கட்டும், ஆனால் பனி காணாத எங்கள் ஊரில் பனிக்காற்று ஒட்டாது. கிணற்றின் அடியிலிருந்து எழும்பும் குளிர்நீர் என்று விபரித்தேன். 8டீ8 (எட்டுப் பக்கப் பகடை எட்டு) டமேஜ், 60 அடிக் கூம்பு, எண்ணில் ஒன்றையும் மாற்றவில்லை. இப்படி நாலைந்து மந்திரம் மட்டும் மிஞ்சும்போது ஆள் தெளிவாகிறார்.

அடுத்தது, சண்டைக்கு முன்னமே போட்டாயிற்று என்று வைக்கக்கூடியவை. மேஜ் ஆர்மர் என்ற காப்பு மந்திரம் 8 மணித்தியாலம் நிற்கும், காலையிலேயே போட்டிருப்பாள், ஆகவே ஆர்மர் கிளாஸ் (அவளில் அடி பட எறிய வேண்டிய எண்) 12 இல்லை, 15. அதற்கு மேசையில் ஒரு முறையை வீணாக்கத் தேவையில்லை, ஸ்லொட்டில் (நாளுக்கு இத்தனை மந்திரம் என்ற கணக்கில்) ஒன்றை மட்டும் கழித்துவிடுங்கள்.

பிறகுதான் மூன்று சுற்று. கிழவிக்கு நான் எழுதியது இது. வாய்ப்பேச்சில் இருக்கும்போதே, சொன்னதைச் செய்யவைக்கும் சஜெஷன்: 'திரும்பிப் போ.' அது பலிக்காவிட்டால் முதல் சுற்றில் ஆளை மறைக்கும் கிரேட்டர் இன்விசிபிலிட்டி. இரண்டாவதில் கோன் ஒஃப் கோல்ட். மூன்றாவதில் மிஸ்டி ஸ்டெப்பில் 30 அடி தாண்டிக் கிணற்றின் மறுகரைக்குப் போய் ஒரு கன்ட்ரிப். 2014 விதிப்படி போனஸ் அக்ஷனில் (முறையில் கிடைக்கும் மேலதிகச் செயல், மிஸ்டி ஸ்டெப் அதில்தான் போடுவது) மந்திரம் போட்டால் அந்த முறையில் கன்ட்ரிப் தவிர வேறு மந்திரம் போட முடியாது. இதை முன்கூட்டியே எழுதிவிட்டால் மேசையில் புத்தகம் புரட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

இங்கே கொன்சன்ட்ரேஷனை (மந்திரம் நிலைக்க மனதைக் குவித்துப் பிடித்திருப்பது) வடிவாகப் பாருங்கள், கனபேருடைய திட்டம் இதில்தான் உடையும். சஜெஷன், பறக்கவைக்கும் ஃப்ளை, கிரேட்டர் இன்விசிபிலிட்டி மூன்றுக்கும் கொன்சன்ட்ரேஷன் தேவை, ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பிடித்திருக்கலாம். ஆகவே சஜெஷன் ஒருவரில் பலித்துவிட்டால் கிழவி மறையமாட்டாள், மறைந்தால் அவர் தெளிந்துவிடுவார். அடி விழுந்தால் அதைப் பிடித்துவைக்க 20 பக்கப் பகடையில் எறிய வேண்டிய சேவிங் த்ரோ 10, அல்லது டமேஜில் பாதி, எது கூடவோ அது. மேஜின் கொன்ஸ்டிடியூஷனில் (உடல் உறுதியில்) கூட்ட ஒன்றுமில்லை, ஆகவே சின்ன அடிக்கே தப்ப 55 வீதம்தான். மறைவை நம்பி முழுத் திட்டத்தையும் கட்டாதீர்கள். அது போனால் என்ன செய்வாள் என்று பக்கத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

ரியாக்ஷன், அதாவது மற்றவர் செய்வதற்கு உடனே பதிலாகச் செய்வது, சுற்றுக்கு ஒன்று. அடியைத் தடுக்கும் ஷீல்டா, மற்றவரின் மந்திரத்தை வெட்டும் கவுண்டர்ஸ்பெல்லா என்று மேசையில் யோசித்தால் இரண்டும் தவறிப்போகும். கிழவிக்கு ஷீல்ட், அவ்வளவுதான். விளையாடுகிறவர் ஆசையோடு போட்ட மந்திரத்தை வெட்டுகிற எதிரி கதைக்கு எப்போதாவது ஒருவர் போதும், அந்த ஒருவருக்குக் கவுண்டர்ஸ்பெல்லை வைத்திருங்கள்.

இதைவிட உறுதியாக ஒன்று சொல்வேன்: ஹோல்ட் பேர்சன் போல ஒரு ஆளின் முறையையே பறிக்கிற மந்திரத்தை விளையாடுகிறவர்களில் போடாதீர்கள். கிழமை முழுக்க வேலையும் ரியூசனும் என்று ஓடிவிட்டு, சுன்னாகத்திலிருந்து சைக்கிளில் வந்து இருக்கிற தம்பிக்கு 'உனக்கு இந்த முறை இல்லை' என்று இரண்டு தரம் சொன்னால் அவருடைய இரவு போயிற்று. விதி அனுமதிக்கிறது என்பது எனக்குத் தெரியும். அவர்களோடு வரும் காவலாளி ஒருவரை உறையவைத்தாலே மந்திரத்தின் பயம் எல்லோருக்கும் விளங்கும், காப்பாற்ற ஒரு வேலையும் கிடைக்கும்.

இனி நான் மிக விரும்பிச் செய்கிற பகுதி. மந்திரவாதியைச் சந்திக்க முன்னரே அவருடைய மந்திரங்களை ஊரில் விட்டுவையுங்கள். மந்திரங்களுக்குரிய பொருட்கள் விதிப்புத்தகத்திலேயே இருக்கின்றன: ஃபயர்போலுக்கு வௌவால் எச்சமும் கந்தகமும், ஃப்ளைக்கு ஏதாவது பறவையின் இறகு, சஜெஷனுக்குப் பாம்பின் நாக்கும் தேன்கூட்டின் துண்டும். ஒரு வீட்டுக் கோடியில் கந்தக மணம், கூரை இறப்பில் வௌவால் எச்சம் வழித்தெடுத்த தடம் என்று சொன்னால், கூர்மையான ஒருவர் 'நெருப்புக்காரன் இஞ்ச இருந்திருக்கிறான்' எண்டு பிடித்துவிடுவார். பிறகு சண்டையில் ஃபயர்போல் வரும்போது அது டீ.எம். தலையில் போட்ட 8டீ6 ஆகத் தெரியாது, தாங்கள் கண்டுபிடித்த ஒன்றாகத் தெரியும். நல்ல பாத்திரங்களுக்கும் இதுவே பொருந்தும். எங்கள் பரியாரியார் சண்டைக்கு வருவதேயில்லை. நோய் தீர்க்கும் லெசர் ரெஸ்டரேஷன் ஒன்றுக்காக மூன்று ஊர்ச் சனம் அவர் படலையில் நிற்கிறது. அவருக்கு அந்த ஒரு மந்திரமே போதும்.

புதிய புத்தகங்கள் வைத்திருந்தால் வேலை குறைவு. 2022க்குப் பிறகு வந்த மந்திரவாதிகளுக்கு ஸ்லொட் கணக்கு இல்லை, விரும்பியபடி இவை, நாளுக்கு ஒரு தரம் இவை என்று பிரித்தே கொடுத்திருக்கிறார்கள். மூன்று சுற்று எழுதுவது அங்கேயும் தேவை.

கடைசியாக, உங்கள் குழுவின் விசார்ட் எல்லாவற்றையும் கவுண்டர்ஸ்பெல்லால் வெட்டுகிறார் என்றும் கேட்டிருந்தீர்கள். அதன் எல்லை 60 அடி, ஃபயர்போல் 150 அடி போகும். உங்கள் ஆளை 60 அடிக்கு அப்பால், ஏறிப்போக வேண்டிய ஒரு இடத்தில் நிறுத்துங்கள். கவுண்டர்ஸ்பெல் போட மந்திரம் போடுகிறவரைக் கண்ணால் காண வேண்டும், ஆகவே மறைந்த மந்திரவாதியை வெட்ட முடியாது. ஆனால் மந்திரம் சொல்கிற குரல் கேட்கும், எந்தப் பக்கத்திலிருந்து கேட்கிறது என்பதை ஒவ்வொரு தரமும் சொல்லிவிடுங்கள். குரல் வந்த இடத்தை நோக்கி ஓட அவர்களுக்கு ஒரு வழி இருக்கும். சில தரம் விசார்ட் கிட்டப் போய் வெட்டியே விடுவார், அப்போது வெட்டவிடுங்கள். அதற்காகத்தான் அவர் அந்த மந்திரத்தை எடுத்து வைத்திருக்கிறார்.