சடங்கு, சம்பிரதாயம், சீர்: மூன்றும் ஒன்றுதானா? அழைப்பிதழில் எதைப் போடுவது?

அழைப்பிதழ் என்று கேட்டிருப்பதால் உங்கள் வீட்டில் கல்யாணம் என்றும், அதுவும் வேறு வேறு ஊர்ப் பக்கத்தைச் சேர்ந்த இரண்டு குடும்பங்கள் சம்பந்தம் பண்ணுகின்றன என்றும் நானாகவே எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். ஒரே ஊர் என்றால் இந்தச் சந்தேகமே வந்திருக்காது.

மூன்றும் ஒன்றில்லை. இதில் சீர் என்ற சொல்லைப் பார்த்ததால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

நான் கோவில்பட்டிப் பக்கம் பிறந்தவள், 2011-ல் கொங்கு நாட்டில் பெருந்துறைப் பக்கம் வாழ்க்கைப்பட்டேன். எங்கள் ஊரில் சீர் என்றால் பொருள். பாத்திரம், பீரோ, கட்டில், தாய்மாமன் கொண்டுவரும் தட்டு, எல்லாம் சீர். கொங்குப் பக்கம் சீர் என்றால் சடங்கையே சொல்வார்கள். இணைச்சீர், எழுதிங்கள் சீர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு, நடத்திவைக்க அருமைக்காரர் வருவார். இது அன்றைக்கு எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது.

நிச்சயத்தன்று என் மாமியார் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "சீர் ஒண்ணுகூட விட்டுப்போகக் கூடாதுங்க சம்பந்தி, எல்லாம் நெறைவா இருக்கோணும்" என்றார். அம்மாவும் சரிங்க சரிங்க என்று தலையாட்டினாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பா அப்போதே இல்லை, வீட்டில் சம்பாதித்தது நான் ஒருத்திதான். அடுத்த வாரம் அம்மா கழுத்தில் கிடந்த 4 பவுன் சங்கிலியைக் காணோம். கேட்டால், கொக்கி விட்டுப்போச்சு, பத்தவைக்கக் கொடுத்திருக்கேன் என்றாள். நானும் நம்பினேன்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மண்டபத்து வாசலில் டெம்போ வந்து நின்று அண்டாவும் குடமும் பீரோவும் இறங்க இறங்க, மாமியார் பதறிப்போய், "எதுக்குங்க சம்பந்தி இத்தனை?" என்று கேட்டார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி இணைச்சீர் நடந்தது. நாத்தனார் கையில் பேழைமூடி என்கிற கூடைமூடி, புதுச் சேலையின் ஒரு முனை அவரிடம், மறுமுனை மாப்பிள்ளையிடம். கல்யாணம் ஆனாலும் கூடப்பிறந்தவளின் உறவு விட்டுப்போகாது என்பதற்காகச் செய்வது. அம்மா முன்னால் வராமல் என் அறை வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த பெண்ணிடம் இது என்ன என்று கேட்டாள். "இதுதானுங்க சீரு" என்றது அந்தப் பெண். அம்மாவின் கை தன்னால் கழுத்துக்குப் போனது, அங்கே ஒன்றும் இல்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தச் சங்கிலியை மீட்க எனக்கு மூன்று வருஷம் ஆனது.

வரதட்சணையை மூடி மறைக்கிறேன் என்று யாராவது வருவீர்கள் என்று தெரியும். என் மாமியார் ஒரு டம்ளர்கூடக் கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது.

அடுத்தது சடங்கு. புத்தகத் தமிழில் எல்லாவற்றுக்கும் பொதுவான சொல். ஆனால் எங்கள் பக்கம் வேறு எதுவும் சேர்க்காமல் சடங்கு என்றால் பெண் பிள்ளை பெரியவளானதற்குச் செய்வதுதான், "சடங்கு வீட்டுக்குப் போயிட்டு வந்தோம்" என்றால் யாரும் எந்தச் சடங்கு என்று கேட்கமாட்டார்கள். கொங்கில் அதற்குத் திரட்டி என்று பெயர். அதனால் திருமணச் சடங்கு, பெயர்சூட்டும் சடங்கு என்று சேர்த்தே எழுதுங்கள். காரியமும் அப்படித்தான். வெறும் காரியம் என்றால் செத்தவர்களுக்குச் செய்வது. நல்ல காரியம், கல்யாண காரியம் என்று முன்னால் ஒன்று ஒட்டினால்தான் தப்பிக்கும். கல்யாண வீட்டில் போய் "காரியம் என்னைக்கு?" என்று கேட்டுவிடாதீர்கள்.

சம்பிரதாயம் வடமொழியிலிருந்து வந்தது, முன்னவர்கள் கையளித்து வழிவழியாக வருவது என்று பொருள். சடங்கு என்பது செய்யும் செயல். சம்பிரதாயம் அதை இப்படித்தான் செய்வது என்ற வழக்கம். இதில் வேற்றுமை உருபைக் கவனியுங்கள். சம்பிரதாயப்படி அழைத்தார்கள் என்றால் தாம்பூலம் வைத்து முறையாகக் கூப்பிட்டார்கள். சம்பிரதாயத்துக்கு அழைத்தார்கள் என்றால் மனசில்லாமல் கூப்பிட்டார்கள். ஒப்புக்கு, பேருக்கு, கடமைக்கு என்று இந்த '-க்கு' ஏறிய எல்லாமே அப்படித்தான் தேய்ந்துவிட்டது, பாவம் கடமைகூட. 'சம்பிரதாயத்திற்காக' என்று அச்சடித்த பத்திரிகையை நானே பார்த்திருக்கிறேன், எழுதியவருக்கு மரியாதையாகத்தான் தோன்றியிருக்கும்.

தனித்தமிழ் வேண்டும் என்பவர்கள் கரணம் என்பார்கள். தொல்காப்பியக் கற்பியலில் திருமணச் சடங்குக்கு அந்தச் சொல்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இன்றைக்குக் கரணம் என்றால் குட்டிக்கரணமும் பஞ்சாங்கத்துக் கரணமும்தான் ஞாபகம் வரும். தமிழ்ச் சொல்லுக்கு எதிராக நான் பேசவில்லை, பத்திரிகையை வாசிக்கப்போகும் பெரியம்மாவுக்குப் புரிய வேண்டும், அவ்வளவுதான்.

இதைச் சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது. கொங்குக் கல்யாணத்தில் மங்கல வாழ்த்து பாடுவார்கள், குடிமகன் என்று அங்கே சொல்லும் நாவிதர் பாடுவது, கம்பர் இயற்றியது என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். எங்கள் கல்யாணத்தில் ஒரு பெரியவர் முழுக்க மனப்பாடமாகப் பாடினார். எட்டு மாசம் இழுத்தடித்துக் கொடுத்த வீடியோவில் அந்தக் குரலை எடுத்துவிட்டு மேலே சினிமாப் பாட்டை ஒட்டியிருந்தார்கள். கேட்டதற்கு "அது போரடிக்கும் அக்கா" என்றார்கள். பணம் முழுசாக வாங்கிக்கொண்டார்கள். அந்தப் பெரியவர் இப்போது இல்லை. உங்கள் வீடியோக்காரரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அழைப்பிதழுக்கு வருகிறேன். சடங்குகளின் பெயர்களை அந்தந்த வீட்டில் சொல்கிறபடியே போடுங்கள், இணைச்சீர் என்றால் இணைச்சீர். பொதுவாக ஒரு சொல் வேண்டுமென்றால் 'திருமண நிகழ்ச்சிகள்' போதும். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் இரண்டு வீட்டுப் பெரியவர்களையும் ஒன்றாக உட்காரவைத்து சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். சீர் என்ற இடம் வரும்போது கொஞ்சம் நிறுத்தி, உங்கள் பக்கம் இதற்கு என்ன அர்த்தம் என்று இரண்டு பேரையும் கேளுங்கள்.