கிருபையால்தான் இரட்சிப்பு என்றால் பத்துக் கட்டளை எதற்கு?

கேள்வி: "கிருபையால்தான் இரட்சிப்பு என்று சபையில் சொல்கிறார்கள். அப்புறம் பத்துக் கட்டளை, தசமபாகம், ஓய்வுநாள் என்று ஏன் பயமுறுத்துகிறார்கள்? கிறிஸ்தவர்கள் நியாயப்பிரமாணத்துக்குக் கட்டுப்பட்டவர்களா, இல்லையா?"

கட்டளைகளைக் கைக்கொண்டு யாரும் தேவனுடைய பிள்ளையாக ஆக முடியாது. பிள்ளையான பிறகு அந்தக் கட்டளைகள் எனக்கு வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. எது முதலில், எது பிறகு என்ற வரிசையைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும் என்பது என் எண்ணம்.

நான் சிங்கப்பூரில் ஒரு தமிழ் மெதடிஸ்ட் சபையில் வளர்ந்தவள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும், ஊரிலிருந்து இங்கே வேலைக்கு வந்திருக்கும் தம்பிகள் சிலரோடு உட்கார்ந்து வேதம் வாசிப்போம். நீங்கள் கேட்ட கேள்வி அங்கே ஏதாவது ஒரு வடிவில் வந்துகொண்டே இருக்கும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

யாத்திராகமத்தைத் திறந்து அதிகாரங்களை மட்டும் எண்ணிப் பாருங்கள். 12ஆம் அதிகாரத்தில் பஸ்கா, இஸ்ரவேலர் எகிப்திலிருந்து விடுதலையான இரவு. 14இல் செங்கடல் பிளக்கிறது. 16இல் வானத்திலிருந்து மன்னா என்ற உணவு விழுகிறது, அதுவும் ஜனங்கள் முறுமுறுத்த பிறகு. பத்துக் கட்டளை வருவதோ 20ஆம் அதிகாரத்தில். அங்கேயும் முதல் வாக்கியம் கட்டளை இல்லை: "உன்னை அடிமைத்தன வீடாகிய எகிப்து தேசத்திலிருந்து புறப்படப்பண்ணின உன் தேவனாகிய கர்த்தர் நானே." எகிப்தில் செங்கல் அறுத்துக்கொண்டிருந்தவர்களிடம் மோசே கற்பலகைகளைக் காட்டி, "இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தால் உங்களை வெளியே கூட்டிப்போகிறேன்" என்று சொல்லவே இல்லை. மீட்பு முடிந்த பிறகுதான் நியாயப்பிரமாணம் என்கிற மோசேயின் சட்டம் வந்தது. புதிய ஏற்பாட்டின் நிருபங்கள் பலவற்றை எழுதிய பவுல் இன்னும் பின்னால் போகிறார். ஆபிரகாமுக்கு வாக்குத்தத்தம் கிடைத்து 430 வருஷம் கழித்துத்தான் நியாயப்பிரமாணம் வந்தது, பின்னால் வந்தது முன்னால் கொடுத்த வாக்கை ரத்து செய்யாது என்று கலாத்தியர் 3ஆம் அதிகாரத்தில் வாதாடுகிறார்.

அப்படியானால் சட்டம் என்ன செய்கிறது? பாவத்தை அறிகிற அறிவு அதனால் வருகிறது என்கிறது ரோமர் 3:20. பாலிகிளினிக்கில் ரத்தம் எடுத்துவிட்டுக் கொடுக்கும் ரிப்போர்ட் மாதிரிதான். சர்க்கரை எவ்வளவு என்று துல்லியமாகக் காட்டும். அதைத் தினமும் நூறு தரம் வாசித்தாலும் சர்க்கரை இறங்காது. பவுலையே மடக்கியது பத்தாவது கட்டளை. கொலை, களவு எல்லாம் வெளியே தெரிகிற காரியம், அதில் தப்பித்துவிடலாம். "இச்சியாதிருப்பாயாக" என்பது உள்ளே வந்து கையைப் பிடிக்கிறது. ரோமர் 7 முழுக்க அந்தப் போராட்டம்தான்.

இனி தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் காணிக்கையாகக் கொடுப்பது. எங்கள் வேதபாடத்துக்கு வரும் தம்பி ஒருவர், ஏஜெண்டுக்குக் கொடுக்க வட்டிக்கு வாங்கிய கடனோடு சிங்கப்பூர் வந்தவர். சம்பளத்தில் சாப்பாட்டுக்கும் போன் கார்டுக்கும் எடுத்ததுபோக எல்லாம் ஊருக்குப் போய்விடும். ஊரில் பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் போயிருக்கிறது. தங்குவிடுதியில் படுத்துக்கொண்டு போனில் ஒரு பிரசங்கம் கேட்டிருக்கிறார். தசமபாகம் கொடுக்காதவன் வீட்டில் சாபம் என்று மல்கியா 3ஆம் அதிகாரத்தை வைத்து அந்தப் போதகர் முழங்கியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை முகம் வாடி வந்தவர், "அக்கா, கொஞ்ச மாசமா நான் தசமபாகம் குடுக்கல. பிள்ளைக்கு அதனாலதான் இப்படி ஆயிருச்சோ?" என்று கேட்டார்.

எனக்குக் கோபம் தாங்கவில்லை. அவர்மேல் இல்லை, அந்தப் பிரசங்கத்தின்மேல். சிலுவையைப் பற்றிப் பேசுகிற வாயால் ஒரு தகப்பனிடம், உன் பிள்ளையின் காய்ச்சலுக்கு உன் பாக்கித் தொகைதான் காரணம் என்று சொல்வது சுவிசேஷமே ஆகாது. "கிறிஸ்து நமக்காகச் சாபமாகி, நியாயப்பிரமாணத்தின் சாபத்திற்கு நம்மை நீங்கலாக்கி மீட்டுக்கொண்டார்" என்று கலாத்தியர் 3:13 சொல்கிறது. அந்த வசனம் உண்மையென்றால் அந்தத் தம்பியின் வீட்டில் அப்படி ஒரு சாபம் இருக்கவே முடியாது.

அதோடு நிறுத்தாமல் உபாகமம் 14ஐயும் எடுத்து அவரையே வாசிக்கச் சொன்னேன். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை தசமபாகத்தை அவரவர் வாசல்களில் வைக்கவேண்டும். ஆலயப் பணிக்கென்று இருக்கிற லேவியனும், பரதேசியும், திக்கற்ற பிள்ளையும், விதவையும் வந்து சாப்பிட்டுத் திருப்தியடையவேண்டும். பரதேசி என்றால் பிழைப்புக்காக வேற்றூரில் வந்து தங்கியிருப்பவன். "தம்பி, இந்தச் சட்டப்படியே பார்த்தாலும் நீங்கள் வாங்குகிற பக்கத்தில் இருக்கிறவர்" என்றேன். அவர் அந்த வசனத்தைத் திரும்பவும் வாசித்தார், விரலை வைத்துக்கொண்டு.

சட்டத்தை வைத்துப் பயமுறுத்துகிறவர்களிடம் எனக்கு இருக்கும் முதல் வருத்தம் இதுதான்: அவர்கள் அதை முழுதாக வாசிப்பதில்லை. யூத ரபீமார் 613 கட்டளைகள் என்று எண்ணியிருக்கிறார்கள். அவற்றில் எத்தனையோ ஏழைக்கும் அந்நியனுக்கும் வேலியாகக் கொடுக்கப்பட்டவை. கொடுப்பது நல்லதுதான், நானும் கொடுக்கிறேன். ஆனால் புதிய ஏற்பாட்டில் அதற்கு அளவுகோல் 2 கொரிந்தியர் 9:7. விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, அவனவன் மனதில் நியமித்தபடியே.

இந்த விவாதம் முதன்முதலில் வெடித்தது ஒரு சாப்பாட்டுப் பந்தியில் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அந்தியோகியாவில் இயேசுவின் சீஷர் பேதுரு, யூதரல்லாத புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் பயந்து எழுந்து விலகிவிட்டார். பவுல் எல்லாருக்கும் முன்பாக அவரை முகத்துக்கு நேரே எதிர்த்தார் (கலாத்தியர் 2). விருத்தசேதனம், உணவு விதிகள் எல்லாம் அங்கே யாரோடு யார் உட்காரலாம் என்ற கேள்வியாகத்தான் வந்து நின்றன. அப்போஸ்தலர் 15இல் எருசலேமில் கூடியபோது அதே பேதுரு எழுந்து, நம் பிதாக்களாலும் நம்மாலும் சுமக்க முடியாத நுகத்தை இவர்கள் கழுத்தில் ஏன் வைக்கிறீர்கள் என்று கேட்டார்.

தமிழனாகப் பிறந்தவனுக்கு இந்தப் பகுதி சுருக்கென்று தைக்கவேண்டும். தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் 1706இல் வந்து இறங்கிய காலந்தொட்டே நம் சபைகளில் சாதி ஒரு தீராத வழக்கு. தனித்தனி இருக்கை, நற்கருணைக்குத் தனி வரிசை. 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சாதி வேறுபாடு சபைக்குள் இருக்கவே கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பியபோது தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பெரிய எதிர்ப்பு எழுந்தது. மோசேயின் சட்டத்தில் எங்கும் இல்லாத ஒரு விதியை நாமே எழுதி, கிருபைக்கு மேலே வைத்துக்கொண்டோம். சிங்கப்பூருக்குக் கப்பல் ஏறினபோது அதையும் கூடவே எடுத்துவந்தோம். இன்றைக்கும் வரன் பார்க்கும்போது, "நல்ல கிறிஸ்தவக் குடும்பம்தான், ஆனா என்ன ஆளுங்க?" என்று கேட்கிற வீடுகள் உண்டு. கலாத்தியருக்கு எழுதின நிருபம் அந்த வீடுகளுக்கும் எழுதினதுதான்.

சரி, மறுபக்கத்துக்கு வருவோம். கிருபைக்குள் வந்தாயிற்று, இனி எப்படி வேண்டுமானாலும் இருக்கலாமா? பவுல் காலத்திலேயே இதைக் கேட்டுவிட்டார்கள். "கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாம் என்று சொல்லுவோமா? கூடாதே" என்று ரோமர் 6 தொடங்குகிறது. ஐரோப்பாவில் புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தருக்கும் இதே தலைவலி வந்தது. அவரோடு இருந்த யோகான் அக்ரிகோலா, பத்துக் கட்டளைக்கு இடம் நியாயஸ்தலம்தான், பிரசங்க பீடம் இல்லை என்ற பாணியில் பேச, 1537 முதல் லூத்தர் அதை எதிர்த்துப் பகிரங்க விவாதங்களே நடத்தினார். கிருபை, கிருபை என்று ஐரோப்பாவையே எழுப்பினவர் அவர். அவரே கட்டளையைக் கைவிடவில்லை.

சிங்கப்பூரில் இது பழைய சரித்திரமும் இல்லை. நியூ கிரியேஷன் சபையின் ஜோசப் பிரின்ஸ் இங்கிருந்து உலகமெங்கும் கொண்டுபோன செய்தி, விசுவாசி நியாயப்பிரமாணத்துக்குக் கீழ் இல்லை, கிருபைக்குக் கீழ் இருக்கிறான் என்பதே. அதைக் கேட்டுக் குற்றவுணர்விலிருந்து விடுபட்டவர்களை எனக்குத் தெரியும். பள்ளியில் மதிப்பெண், ஆபீசில் அப்ரைசல் என்று வாழ்நாள் முழுக்க அளக்கப்பட்டே வளர்கிற ஊரில் அந்தச் செய்தி ஏன் இவ்வளவு பேரைத் தொட்டது என்பதும் புரிகிறது. அதைச் சொல்லும் ரோமர் 6:14 வேதத்தில் இருக்கிற வசனம், அதைத் தைரியமாகச் சொல்லத்தான் வேண்டும். கேட்கிறவர்களில் சிலர் 14ஆம் வசனத்தோடு எழுந்துபோய்விடுகிறார்கள், கிருபைக்குக் கீழ்ப்பட்டிருப்பதால் பாவம் செய்யலாமா, கூடாதே என்கிற 15ஐ வாசிப்பதில்லை என்பதுதான் என் கவலை.

இதற்குச் சகேயுவைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. லூக்கா 19இல் இயேசு அவனிடம் முதலில் கணக்குக் கேட்கவில்லை. "இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்றார். வரி வசூலிப்பவன் வீட்டுக்கு விருந்தாளியாகப் போனார். அது கிருபை. பிறகு சகேயு எழுந்து நின்று, யாரிடமாவது அநியாயமாய் வாங்கியிருந்தால் நாலு மடங்காகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்கிறான். இந்தக் கணக்கைக் கவனியுங்கள். தானாக முன்வந்து குற்றத்தை ஒப்புக்கொள்கிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தால் போதும் என்பது லேவியராகமம் 6 சொல்லும் விதி. நாலு மடங்கு என்பது ஆட்டைத் திருடி வெட்டியோ விற்றோ பிடிபட்டவனுக்கு யாத்திராகமம் 22 விதிக்கும் தண்டனை. சகேயுவை யாரும் பிடிக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. சட்டம் கேட்டதைத் தாண்டித் தானாகவே போனான். கூட இருப்பவனிடம் வாங்கின கைமாற்றைத் திருப்பாமல் "கர்த்தர் என்னை மன்னித்துவிட்டார்" என்று சொல்கிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சகேயுதான் ஞாபகத்துக்கு வருவான்.

சபைப் பிரிவுகளைப் பற்றியும் சிலர் கேட்பார்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மெதடிஸ்ட் கோட்பாடுகளின் 6ஆவது கட்டுரை, மோசேயின் சடங்கு விதிகள் கிறிஸ்தவனைக் கட்டாது, ஒழுக்கக் கட்டளைகளிலிருந்து எந்தக் கிறிஸ்தவனுக்கும் விலக்கு இல்லை என்கிறது. நல்ல பகுப்புதான், ஆனால் வேதத்தில் அப்படிக் கோடு போட்டுப் பிரித்து வைக்கவில்லை. "பிறனில் அன்புகூருவாயாக" என்பது லேவியராகமம் 19:18. இரண்டு வகை நூல் கலந்த துணியை உடுத்தாதே என்பது அதற்கு அடுத்த வசனம்! கத்தோலிக்கர்கள் கிரியையால் இரட்சிப்பு என்று போதிப்பதாக நம்மில் பலர் சொல்லித் திரிகிறோம். அது சரியில்லை. 1547இல் கத்தோலிக்கச் சபையின் திரெந்து சங்கமே, கிருபை இல்லாமல் சொந்தக் கிரியைகளால் நீதிமானாகலாம் என்பதை மறுத்தது. 1999இல் கத்தோலிக்கரும் லூத்தரன்களும் இதைப் பற்றி ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள், 2006இல் மெதடிஸ்டுகளும் சேர்ந்துகொண்டார்கள். ஓஃபிர் ரோட்டிலுள்ள லூர்து மாதா கோயிலில் தமிழ்த் திருப்பலிக்குப் போகிற அண்டை வீட்டு அக்காவும் நானும் இந்த விஷயத்தில் நினைத்த அளவுக்குத் தூரத்தில் இல்லை.

கடைசியாக ஓய்வுநாள். "ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் பார்த்தால் பாவமா அக்கா?" என்று அடிக்கடி கேட்பார்கள். ஓய்வுநாளைக் குறித்து ஒருவனும் உங்களைக் குற்றப்படுத்தக்கூடாது என்று கொலோசெயர் 2:16 சொல்கிறது. அதனால் அவர்களுக்கு என் பதில், பாவமில்லை. ஆனால் உபாகமம் 5ஆம் அதிகாரத்தில் இந்தக் கட்டளை யாரிடம் பேசுகிறது என்று பாருங்கள். வேலைக்காரனும் வேலைக்காரியும் வாசலில் இருக்கிற அந்நியனும் உன்னைப்போல இளைப்பாறவேண்டும், நீயும் எகிப்தில் அடிமையாயிருந்தாய் என்கிறது. வேலை வாங்குகிறவனிடம் பேசுகிறது. வேலை செய்கிறவனுக்கு இது சுமையே இல்லை, கையில் கிடைத்த விடுப்பு.

இங்கே நம்மில் பலர் வேலை வாங்குகிறவர்கள். சிங்கப்பூரில் இல்லப் பணிப்பெண்ணுக்கு வாரம் ஒருநாள் ஓய்வு என்பது 2013இல்தான் சட்டமானது. அப்போதும் பணம் கொடுத்து அந்த நாளையும் வேலைக்கு வைத்துக்கொள்ள முடிந்தது. 2023 முதல் மாதத்தில் ஒரு நாளையாவது அப்படி விலைக்கு வாங்க முடியாது. சீனாய் மலையில் கேட்ட காரியத்துக்கு மனிதவள அமைச்சு விதி போடவேண்டியிருந்தது. தன் வீட்டுப் பணிப்பெண்ணைக் குழந்தை பார்க்க வைத்துவிட்டு ஆலயத்துக்கு வந்து "நான் கிருபைக்குக் கீழ்ப்பட்டவன், ஓய்வுநாள் கட்டளை எனக்கில்லை" என்று சொல்கிறவருக்கு, அந்தக் கட்டளை அவருடைய வசதிக்காக எழுதப்படவில்லை என்பதை யாராவது அன்பாகச் சொல்லத்தான் வேண்டும்.

நீங்கள் வாசிக்க விரும்பினால் கலாத்தியரில் தொடங்குங்கள். ஆறே அதிகாரம், ஜூ கூனிலிருந்து ரயில் ஏறினால் லிட்டில் இந்தியா வருவதற்குள் முடித்துவிடலாம். திரும்பிப் போகும்போது உபாகமம் 14, 15 இரண்டையும் வாசியுங்கள்.