அந்தப் படத்தைத் திறக்காதீர்கள்

கேள்வி: வெள்ளவத்தையில் சின்னதாக ஒரு பாமசி வைத்திருக்கிறேன். போன கிழமை கடை பூட்டுகிற நேரம் ஒருவன் கத்தியைக் காட்டி லாச்சியில் இருந்த காசை அள்ளிக்கொண்டு போய்விட்டான். கெமராவில் பதிவாகியிருக்கிறது. ஒருவனைப் பிடித்து, வரிசையில் நிற்பவர்களுக்குள் ஆளைக் காட்டுகிற அடையாள அணிவகுப்புக்கு என்னை வரச் சொல்லியிருக்கிறார்கள். இதற்குள் மருமகன் வீடியோவை வாட்ஸ்அப் குரூப்பில் போட, 'இவன்தான்' என்று யாரோ ஒரு பேஸ்புக் படம் அனுப்பியிருக்கிறார்கள். இன்னும் திறக்கவில்லை. பார்த்துவிட்டுப் போகலாமா?

பதில்: வேண்டாம். பார்த்துவிட்டால், அணிவகுப்பில் நீங்கள் காட்டுவது கத்தியோடு நின்றவனையா, போனில் கண்ட முகத்தையா என்று உங்களுக்கே தெரியாமல் போய்விடும். நீங்கள் பொய் சொல்வீர்கள் என்றல்ல, ஞாபகம் அப்படித்தான். 1974இல் எலிசபெத் லொஃப்டஸ், ஜோன் பாமர் என்ற உளவியல் ஆய்வாளர்கள் மாணவர்களுக்குக் கார் விபத்துக் காட்சி ஒன்றைக் காட்டி, வேகம் எவ்வளவு என்று கேட்டார்கள். சிலரிடம் கார்கள் 'நொறுங்க மோதியபோது' என்றும், சிலரிடம் வெறுமனே 'இடித்தபோது' என்றும் கேள்வி. ஒரு கிழமை கழித்து, உடைந்த கண்ணாடியைக் கண்டீர்களா என்றதற்கு 'நொறுங்க' என்று கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேர் ஆம் என்றார்கள், 'இடித்த' என்று கேட்கப்பட்ட 50 பேரில் 7 பேர். காட்சியில் கண்ணாடி உடையவே இல்லை! ஒரு சொல்லுக்கே இந்தப் பாடு என்றால் ஒரு முழு முகம் என்ன செய்யும்? போதாததற்குக் கத்தி வேறு, அந்த நேரம் கண் முகத்தை விட்டுவிட்டு அதில்தான் ஒட்டிக்கொள்ளும்.

அந்தப் பேஸ்புக் படத்தை அழிக்கவும் வேண்டாம். மருமகனே பொலிஸில் கொண்டுபோய்க் காட்டட்டும்.

அணிவகுப்பு நீதவான் முன்னிலையில் நடக்கும். உண்மையான ஆள் வரிசையில் இல்லாமலும் இருக்கலாம், அதனால் 'இதில் யாருமில்லை' என்பதும் சரியான பதில்தான். ஆளைக் காட்டினால் எவ்வளவு நிச்சயம் என்பதை அந்த இடத்திலேயே சொல்லுங்கள். அப்போது சொல்வதற்கு இருக்கிற பெறுமதி, வழக்கு நாளில் கூண்டில் ஏறி 'நூறு வீதம் இவன்தான்' என்பதற்கு இல்லை.

அப்புறம் கெமரா. கெமரா பதிவைச் சேமிக்கிற பெட்டியான டிவிஆரில் இடம் நிரம்பினால் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறும், ஆகவே பொலிஸ் வந்து எடுக்கும்வரை பதிவதை நிறுத்தி வையுங்கள். டிவிஆர் மணிக்கூட்டையும் போன் மணிக்கூட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஏழு நிமிடம் முந்தி ஓடினால் அதை எழுதிவையுங்கள். வாட்ஸ்அப்பில் போனது நசுங்கிய பிரதி, நீதிமன்றத்துக்கு அது போதாது. இலங்கையின் 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க சாட்சியம் (விசேட ஏற்பாடுகள்) சட்டம், கருவி ஒழுங்காக வேலை செய்ததா, பதிவில் யாரும் கைவைக்கவில்லையா என்று பார்க்கும். முகத்தைத் தெளிவாக்குகிறேன் என்று மருமகன் ஏஐ ஆப் பக்கம் போனாலும் விடாதீர்கள், அது இல்லாத மூக்கையும் கண்ணையும் ஊகித்து வரைந்துவிடும்.

அந்த வீடியோவையும் அணிவகுப்பு முடியும்வரை நீங்கள் போட்டுப் பார்க்காதீர்கள். ஏற்கெனவே பார்த்திருந்தால், அல்லது அந்தப் படம் தற்செயலாகக் கண்ணில் பட்டுவிட்டால், மறைக்காமல் சொல்லிவிடுங்கள். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எப்படியும் கேட்பார். அந்த குரூப்பில் அவருக்குத் தெரிந்த ஒருவராவது இருப்பார், வெள்ளவத்தைதானே.